ஆயில் லைட் எரிகிறதா? அங்கேயே நிறுத்துங்கள்!

கோவை சிங்காநல்லூர் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு காரின் ஆயில் சேம்பரைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். அடியில் தார் போலக் கறுப்புக் கசடு. அதற்குள் வெள்ளித் தூள் தூவியது மாதிரி மினுமினுப்பு. மெக்கானிக் விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துக் காட்டினார். பேரிங் தேய்ந்து உதிர்ந்த உலோகம்.

"லைட் எரிஞ்சப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனீங்க?"

"அஞ்சாறு இருக்குங்க. எப்படியும் வீடு வந்து சேர்ந்துரலாம்னு வந்துட்டேன்."

மெக்கானிக் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சேம்பருக்குள் ஆயிலை வடிகட்டும் சல்லடையைக் கழுவி, ஆயில் மாற்றினால் முடிந்திருக்கக்கூடிய வேலை, கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைசலுக்கு அனுப்பும் வரை போய்விட்டது.

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி வடிவத்தில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கை, 'ஆயில் குறைகிறது, ஊற்றச் சொல்கிறது' என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அளவைச் சொல்லும் விளக்கு அல்ல; அழுத்தத்தைச் சொல்லும் விளக்கு. சூடான இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. இருக்கும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பட்டறைகளின் பழைய கணக்கு. விளக்கை எரியவைக்கும் சுவிட்ச், அழுத்தம் சுமார் 5 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விழுந்தால்தான் வேலை செய்யும். அதாவது, விளக்கு எரியும்போது ஆபத்து வந்துகொண்டிருக்கவில்லை, வந்துவிட்டது.

இந்த அழுத்தத்தை உண்டாக்குவதுதான் ஆயில் பம்பு. அம்பாசடரில் அது கேம் ஷாஃப்ட்டிலிருந்து ஓடியது. மாருதி 800 போன்ற கார்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ரோட்டர்கள், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பதைவிட ஒரு பல் குறைவு. சுற்றச் சுற்ற இடைவெளி விரிந்து ஆயிலை உறிஞ்சும். சுருங்கி மேலே தள்ளும். 3000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. அதற்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும்.

இத்தனை முக்கியமான பம்பு, உண்மையில் எளிதில் கெடுவதில்லை. எந்நேரமும் ஆயிலிலேயே குளிக்கும் பாகம் அது. பெரும்பாலும் கெடுவது அதைச் சுற்றியிருப்பவைதான். நம் ஊர் வேகத்தடைகளில் சேம்பர் அடிபட்டு உள்ளே ஒடுங்கினால், சல்லடையின் வாய் அடைபடும். ஆயில் மாற்றாமல் நாள் கடத்தினால் கசடு அடைக்கும். மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். பேரிங் தேய்ந்தால், பம்பு எவ்வளவு தள்ளினாலும் அழுத்தம் நிற்காது. சில நேரம் வெறும் சுவிட்ச்தான் பழுது. ஆகவே, 'பம்பு போச்சு சார்' என்று யாராவது சொன்னால், சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

அந்தச் சிங்காநல்லூர் காரிலும் வினை சல்லடையில்தான் தொடங்கியது. ஆனால் உலோகத் தூள் பம்புக்குள்ளும் போய் ரோட்டரில் கோடு கிழித்திருந்தது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை ரோட்டர் பற்களுக்கு நடுவில் விட்டுப் பார்த்தார் மெக்கானிக். பல இன்ஜின்களில் 0.2 மில்லிமீட்டரை ஒட்டியதுதான் எல்லை. இங்கே அது தாண்டியிருந்தது. பம்பையும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கிராங்க் முனையில் இருக்கும் பம்பு என்றால், டைமிங் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். அப்போதே பெல்ட்டையும் கிராங்க் ஆயில் சீலையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, கூலி ஒன்றுதான். புதுப் பம்பைக் காய்ந்தபடியே மாட்டக் கூடாது. உள்ளே ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி நனைத்தால்தான் முதல் உறிஞ்சல் கிடைக்கும். சேம்பரைத் திரும்ப ஒட்டும்போது சிலிக்கான் பசையை அள்ளி அப்புவது பல பட்டறைகளில் நடக்கிற தவறு. உள்பக்கம் பிதுங்கிய பசை காய்ந்து உதிர்ந்து, அதே சல்லடையில் போய் அடைக்கும். கடைசியாக, இன்ஜின் பற்றாதபடி எரிபொருளைத் துண்டித்து, விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட வேண்டும். அந்தப் பட்டறையில் இதைச் செய்தபோது, விளக்கு அணைந்த பிறகுதான் மெக்கானிக் நிமிர்ந்து நின்றார்.

பராமரிப்பில் தவறே செய்யாதவர்களுக்கும் இந்த அழுத்த இழப்பு வரலாம். மறைமலைநகரில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் இன்ஜினில் ஆயில் பம்பை ஓட்டுவது, ஆயிலுக்குள்ளேயே சுற்றும் ஒரு பெல்ட். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் உதிரலாம் என்று, ஃபோகஸ் கார்களையும் சேர்த்து சுமார் 1.39 லட்சம் வண்டிகளை 2023 டிசம்பரில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஓடும்போது அழுத்தம் போனால் இன்ஜின் நிற்கும். பிரேக்குக்கான பவர் உதவியும் போகும்.

வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். சேம்பர் அடிபட்டால் ஒழுகவில்லையே என்று விடாமல் கழற்றிப் பாருங்கள். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி உடனே சாவியைத் திருப்பி அணையுங்கள். வீடு அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும் கட்டியிழுத்தே கொண்டுபோங்கள்.