காசமும் தொழுநோயும் உடலைக் கெடுக்கும் விதம்

காசநோயும் தொழுநோயும் முன்வினைப் பயன் என்றும், குலவழியில் வரும் பிணிகள் என்றும் கிராமவாசிகளில் சிலர் இன்றும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிசகானது. தொழுநோய்க் கிருமியை 1873ஆம் வருஷத்தில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸனும், காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மனி தேசத்து ராபர்ட் காக்கும் கண்டறிந்தனர். இவ்விரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த கிருமிகள். இரண்டிற்கும் மெழுகு போன்ற கனத்த உறை உண்டு. இரண்டும் மெதுவாகவே பெருகும். காலராக் கிருமியைப் போல் இவை நஞ்சைக் கக்கி ஓரிரு நாளில் ஆளை வீழ்த்துவதில்லை. இவற்றை எதிர்த்து உடல் நடத்தும் நீண்ட போராட்டமே பெரும்பாலான சேதத்தை விளைவிக்கிறது.

காசநோயாளி இருமும்பொழுது கிருமிகள் நுண்துளிகளாகக் காற்றில் மிதந்து, அருகிலிருப்போரின் நுரையீரலை அடைகின்றன. அங்குள்ள காவல் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆயினும் மெழுகுறையின் பலத்தால் கிருமிகள் சாகாமல் அவ்வணுக்களுக்குள்ளேயே பெருகுகின்றன. உடனே உடல் மேலும் பல அணுக்களைத் திரட்டி, சுற்றிலும் வேலி போல் ஒரு முடிச்சை உண்டாக்குகிறது. பெரும்பாலோருக்கு அவ்வேலி ஆயுள் முழுவதும் நிற்கும். தொற்றுக்கொண்டவர் 100 பேரில் 5 முதல் 10 பேரே நோயாளியாகின்றனர். அரைவயிற்று உணவு, நீரிழிவு, மது, புகையிலை, எச்.ஐ.வி. ஆகியவற்றால் உடல் தளர்ந்தால் வேலி சிதைகிறது. முடிச்சின் நடுப்பகுதி செத்துக் கட்டித்தயிர் போலாகி, மூச்சுக்குழாயில் உடைத்துக்கொள்ள, நுரையீரலில் குழி விழுகிறது. சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், மெலிவு இவை அதன் குறிகள்.

தொழுநோய்க் கிருமி அதனினும் மந்தமானது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய இரு வாரம் செல்லும். ஆகவே தொற்றிய பின் நோய் வெளிப்படச் சராசரி ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷமும் ஆகலாம். மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதை வெல்லும் சக்தி இயல்பிலேயே உண்டு. இக்கிருமி உடலின் குளிர்ந்த பாகங்களையே நாடும். தோலிலும், மூக்கிலும், தோலையொட்டிய நரம்புகளிலும் குடியேறும். நரம்பின் உறையணுக்களில் புகுந்த கிருமியை உடல் எதிர்க்கும்பொழுது நரம்பு வீங்கி நசுங்குகிறது. உணர்ச்சி மரத்து, விரல்கள் வலுவிழக்கின்றன.

கிருமி விரலைத் தின்கிறது என்பது தவறு. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் அறுவை வைத்தியர் இதை விளக்கிக் காட்டினார். மரத்த கை கொதிக்கும் களிப்பானையைப் பற்றினாலும் சூடு தெரியாது. மரத்த காலில் முள் தைத்தாலும் வலி தெரியாது. கவனியாத இப்புண்கள் அழுகியே விரல்கள் குறைகின்றன.

ஆதலால் அரூர், பென்னாகரம், பாலக்கோடு முதலிய நம் தாலுகாக்களின் கிராமவாசிகள் கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதிக்க வேண்டும்.

2. வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமலை மறைக்காமல் காட்ட வேண்டும்.

3. இரு நோய்க்கும் மருந்து இலவசம். காசத்திற்குச் சாதாரணமாக 6 மாதமும், தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாதமும் உட்கொள்ள வேண்டும். மந்தமான கிருமிகள் முற்றும் சாக இக்காலம் தேவை. சுகம் கண்டதென்று காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகலாம்.

4. மரத்த கைகால்களைத் தினமும் பார்வையிட்டு, செருப்பணிந்து காக்க வேண்டும்.

நோயாளியை வீட்டைவிட்டு விலக்குதல் வேண்டுவதில்லை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே குணமடைகின்றனர் என்றும், அதனால் குடும்பத்தாருக்கு அபாயம் மிகுவதில்லை என்றும் 1959இல் தெரிவித்தது. தொழுநோயாளியிடமும் மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள் தொற்று ஏறக்குறைய நீங்கிவிடுகிறது.

கூலி போய்விடும் என்று இருமலையும், பெண்ணுக்கு வரன் வராதென்று தேமலையும் மறைப்போர் உண்டு. மறைத்த நோய் தவணை தவறிய கடனைப் போன்றது. நாள் செல்லச் செல்ல வளரும். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் நசுங்கிய நரம்பையும் குழி விழுந்த நுரையீரலையும் பழைய நிலைக்குக் கொணராது. ஆகவே பஞ்சாயத்தாரும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரும் நோயாளியை ஒதுக்காமல், முதற்குறி கண்டவுடன் தாமே உடன் அழைத்துச்சென்று சிகிச்சை பெறச் செய்வார்களாக.