மின்னல்வேக வளர்ச்சி உத்திகளும் மலைநிலப் புத்தொழில்களும்: கொல்லிமலைச் சிறுதானியங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புத்தொழில் நிறுவனங்களைக் குறுகிய காலத்தில் பன்மடங்காக வளர்ப்பதற்கெனக் கூறப்படும் உத்திகள் பெரும்பாலும் மென்பொருள் தொழிலின் பட்டறிவிலிருந்து பிறந்தவை. வேளாண் விளைபொருளை நம்பித் தொடங்கப்பெறும் நிறுவனங்களுக்கு அவற்றுள் எவை பொருந்தும், எவை தீங்காக முடியும் என்பதை நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் சிறுதானியத் தொழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புத்தொழில், துணிகர முதலீடு, சாமை, உமி நீக்கம், உற்பத்தியாளர் நிறுவனம், கொல்லிமலை.

முன்னுரை

2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் ‘புத்தொழில்’ என்னும் சொல் தமிழக அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றுவிட்டது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் புத்தொழில்களில் பங்கு முதலீடு செய்வதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் தனி நிதியம் ஒன்றையும் அறிவித்தது. கொல்லிமலையில் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர் ஆவர். எனவே, அம்மலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான குண்டனி நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சாமையையும் தினையையும் பொதியிட்டு நகரங்களில் விற்க ஒரு நிறுவனம் தொடங்கினால், முதலீடு பெறும் வழி முன்னைப்போல் முற்றிலும் அடைபட்டதாக இல்லை. ஆனால் முதலீட்டாளர் எவராயினும் அவர் முதலில் கேட்பது ‘எவ்வளவு விரைவாக வளர்வீர்கள்?’ என்பதே. அக்கேள்விக்கு அவ்விளைஞர் என்ன விடை தரலாம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விரைவின் தருக்கம்

‘ஒய் காம்பினேட்டர்’ நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பால் கிரஹாம், புத்தொழில் என்பது விரைந்து வளர்வதற்கென்றே அமைக்கப்பட்ட நிறுவனம் என்று 2012இல் எழுதிய கட்டுரையில் வரையறுத்தார். தொடக்க நிலையில் வாரத்திற்கு 5 முதல் 7 விழுக்காடு வளர்ச்சி நல்லது என்பது அவர் கூறும் அளவு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வளவு, வாரந்தோறும் 7 விழுக்காடாகப் பெருகினால் ஓராண்டில் ஏறத்தாழ 33 மடங்காகிறது. ‘லிங்க்ட்இன்’ நிறுவனர்களுள் ஒருவரான ரீட் ஹாஃப்மன், கிறிஸ் யே என்பவருடன் இணைந்து 2018இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றார். சந்தை நிலை உறுதியற்றிருக்கும்போதே, சிக்கனத்தைத் தள்ளிவைத்து விரைவுக்கு முதலிடம் தருவதை அவர் ‘பிளிட்ஸ்கேலிங்’ என்றார்.

இது வெறும் பேராசை அன்று. இதற்கொரு பொருளியல் அடிப்படை உண்டு. மென்பொருளின் முதற்படியை உருவாக்கப் பெருஞ்செலவாகும். ஆயிரமாவது வாடிக்கையாளருக்கு அதனை வழங்கும் கூடுதல் செலவோ மிகக் குறைவு. பயனர் பெருகப் பெருகச் சேவையின் மதிப்பும் பெருகும் துறைகளில், முந்திக்கொள்பவரே சந்தையைப் பிடிப்பர். அத்தகைய களத்தில் இன்று நட்டத்தை ஏற்று நாளைய சந்தையை வாங்குவது அறிவுடைமையே. சென்னையில் 2010இல் ‘ஃப்ரெஷ்டெஸ்க்’ என்னும் பெயரில் கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி ஆகியோர் தொடங்கிய நிறுவனம் ‘ஃப்ரெஷ்வொர்க்ஸ்’ எனப் பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்நிறுவனம் விற்றது இணையவழி மென்பொருள். புதிய வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு கண்டத்திலிருந்து சேர்ந்தாலும் அவருக்காக ஒரு காணி நிலம் கூடுதலாக உழப்படவேண்டியதில்லை.

உணவுப்பொருளை இதே வேகத்தில் விற்க முயன்ற ‘வெப்வேன்’ என்னும் அமெரிக்க மளிகை நிறுவனம் 2001இல் திவாலானது. வாடிக்கையாளர் சேர்வதற்கு முன்பே பெருஞ்செலவில் கிடங்குகளைக் கட்டியது அதன் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் என்பர். மென்பொருளின் தருக்கத்தைப் பண்டத்தின்மீது ஏற்றியதன் விளைவு இது.

சாமையின் கணக்கு

கொல்லிமலையில் சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகியன மானாவாரியாக விளைவிக்கப்படுகின்றன. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலா சாமை எனச் சாமையிலேயே பல நாட்டு வகைகள் உண்டு. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு இவ்வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டு, மகளிர் தன்னுதவிக் குழுக்கள்வழி அரைவை ஆலைகளையும் மதிப்புக்கூட்டிய பண்டங்களையும் அறிமுகப்படுத்தியது.

இப்பணியை ஆராய்ந்த கியோம் குருயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகியோர் 2009இல் ‘ஃபுட் பாலிசி’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இங்குக் கருதத்தக்கது. புறக்கணிக்கப்பட்ட பயிர் ஒன்று சந்தைக்கு வந்து வெற்றிபெறத் தேவை விரிதல், விளைவிப்பு–விற்பனைத் தொடரின் திறன் கூடுதல், வரத்தை நெறிப்படுத்தும் ஏற்பாடு ஆகிய மூன்றும் வேண்டும் என்னும் சட்டகத்தை அது கையாள்கிறது. வளர்ச்சி உத்திகள் பற்றிய நூல்கள் இம்மூன்றனுள் முதலாவதைப் பற்றி மட்டுமே விரிவாகப் பேசுகின்றன என்பது என் கருத்து.

வரத்து ஏன் தேவையின் வேகத்தில் பெருகுவதில்லை? விதை தடையன்று. ஹெக்டேருக்குச் சற்றொப்ப 10 கிலோ விதைத்தால் அதனைப்போல் பல பத்து மடங்கு விளையும். விதையை ஓரிரு பருவங்களில் வேண்டிய அளவு பெருக்கிவிடலாம். தடை நிலத்தில் இருக்கிறது. கடந்த சில பதின்மங்களில் சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகள் அதற்கு நிலையான சந்தை. அவ்வாலையினருக்கெனச் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கமே 1981 முதல் சேலத்தில் இயங்குகிறது. மரவள்ளியைத் தோண்டி ஏற்றினால் கையில் பணம். சாமையோ அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, உமி நீக்கிய பின்னரே பண்டமாகிறது. ஆகவே குண்டனி நாட்டு உழவர் ஒருவர் மீண்டும் சாமை விதைப்பது, நகரத்து விளம்பரத்தைப் பார்த்து எடுக்கும் முடிவன்று. மரவள்ளி தரும் வருவாயோடு ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் எடுக்கும் முடிவு அது. வாரந்தோறும் வளர்ச்சியை அளக்கும் நிறுவனத்திற்கு அவர் ஆண்டில் ஒரே ஒரு முறைதான் விடை சொல்வார்.

அடுத்த தடை உமி நீக்கம். சாமை மணி மிகச் சிறிது. உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் இட்டு உலக்கையால் குற்றும் வேலை முழுவதும் பெண்கள்மீதே விழுந்தது. சிறுதானியச் சோறு வீட்டு அடுப்பிலிருந்து மறைந்ததற்கு அரிசி எளிதிற் கிடைத்தமை ஒரு காரணம் எனின், இவ்வுழைப்புச் சுமை மற்றொரு காரணம். எந்திரத்தால் நீக்கும்போதும் கல்லும் மண்ணும் பிரித்தல், அளவு வாரியாகத் தரம்பிரித்தல், மறுமுறை ஓட்டுதல் எனப் படிகள் பல. இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய அரிசியோ, தவிட்டிலுள்ள எண்ணெய் காரலாவதால் சில மாதங்களிலேயே சுவை கெடும். எனவே, தானியமாகச் சேமித்துத் தேவைக்கேற்ப அரைத்தலே முறை. அதாவது, நிறுவனத்தின் விற்பனை வேகத்தை உண்மையில் முடிவுசெய்வது அதன் செயலியோ விளம்பரமோ அன்று. மலைமேல் இருக்கும் ஆலை ஒரு நாளில் எத்தனை மூட்டை அரைக்கும் என்பதே.

தேவை முந்தினால்

தேவையை மட்டும் விரைவாகப் பெருக்கினால் நேர்வதைத் தென்னமெரிக்கக் கினோவா காட்டுகிறது. ஆண்டீஸ் மலை உழவர்களின் உணவான அதற்கு ஐக்கிய நாடுகள் அவை 2013ஆம் ஆண்டைப் பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. விலை உச்சம் தொட்டது. உடனே பெருவின் கடற்கரைச் சமவெளிகளில் பாசன நிலங்களில் கினோவா விதைக்கப்பட்டது. 2014இல் அந்நாட்டின் விளைச்சல் முந்தைய ஆண்டைப்போல் இருமடங்கைத் தாண்டியது. பின்னர் விலை சரிந்தபோது அடிபட்டவர்கள் அப்பயிரைத் தலைமுறைகளாகக் காத்த மலை உழவர்கள். 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது இந்நிகழ்வை நினைவுகூர்ந்தோர் சிலரே.

கொல்லிமலையிலும் இது நேரக்கூடியதே. 33 மடங்கு வளரவேண்டிய நிறுவனம் பருவம் வரும்வரை காத்திருக்காது. வேறு மாவட்டத்திலிருந்தோ மாநிலத்திலிருந்தோ சாமையை வாங்கிப் பொதியை நிரப்பும். பொதியின்மீது கொல்லிமலையின் படம் இருக்கும். உள்ளே இருப்பது வேறு மண்ணின் தானியம். நிறுவனம் தோற்றால் மட்டுமன்று, வென்றாலும் மலைக்கு இழப்பு என்பதே இவ்வுத்தியின் சிக்கல்.

வேகம் எங்கே வேண்டும்

இதனால் விரைவே வேண்டா என்பது பொருளன்று. பணத்தை விரைந்து செலவிடவேண்டிய இடம் வேறு என்பதே பொருள். முதலாவது, அரைவை எந்திரங்கள். இரண்டாவது, அறுவடைக்கால நடைமுறை மூலதனம். உழவருக்கு அறுவடையின்போதே பணம் தேவை. நிறுவனத்திற்கு விற்பனை ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது. இவ்விடைவெளியைப் பங்கு முதலீட்டைக் கொண்டு நிரப்புவது விலை மிக்க வழி. 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கிடங்குகளின் இரசீதை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெறுவது மலிவானது; உமியோடு நெடுநாள் நிற்கும் சாமை அதற்கு மிகவும் ஏற்றது. அவ்வகைக் கிடங்கு எட்டும் தொலைவில் அமைவதுதான் முன்நிபந்தனை.

எஞ்சுவது நிறுவன வடிவம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டத்தில் நுழைந்த ‘உற்பத்தியாளர் நிறுவனம்’ என்னும் வடிவில், உற்பத்தியாளர்களும் அவர்தம் அமைப்புகளும் மட்டுமே பங்கு வைத்திருக்க முடியும். தனியாட்களான உறுப்பினர்களுக்குப் பங்கின் அளவு எதுவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே. துணிகர முதலீட்டாளர் இதில் நுழைய இயலாது. இதனை ஒரு குறையாகக் கூறுவோர் பலர். நிலமும் விதையும் கைவிட்டுப் போகாமல் தடுக்கும் வேலி இதுவே என்பதால் எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 2020இல் மைய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டிய இடத்தில் மலைப்பகுதிகளுக்கு 100 பேர் போதும். மேலாண்மைச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் நகரச் சந்தையில் ஒரு வணிகப்பெயரை நிலைநிறுத்த இத்தொகை போதாது.

இரண்டையும் பிரித்துவைத்தலே தக்க வழியாகத் தெரிகிறது. கொள்முதல், சேமிப்பு, அரைவை ஆகியன உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனத்திடம். விற்பனையும் பெயரும் வெளிமுதலீடு பெறத்தக்க தனி நிறுவனத்திடம். பின்னதில் முன்னதற்கும் பங்கு. உற்பத்தியாளர் நிறுவனம் பிற நிறுவனங்களில் பங்கு வாங்கச் சட்டம் வரம்புக்குட்பட்டு இடந்தருகிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர் கூட்டுறவுச் சங்கமும் விற்பனை அமைப்பும் தனித்தனியே இயங்கி, ‘அரக்கு காபி’ 2017இல் பாரிசில் கடை திறந்தது. அப்பணி தொடங்கியது ஏறத்தாழ 2000ஆம் ஆண்டளவில். இடைப்பட்ட காலம் செடியும் மண்ணும் உழவர் அமைப்பும் உருவான காலம்.

இவ்விரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒரு விதி தெளிவாக எழுதப்படவேண்டும். மலையின் வரத்து தேவைக்குக் குறையும் ஆண்டில் வெளித்தானியம் வாங்கலாமா, வாங்கினால் எப்பெயரில் விற்கலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை, ஆளுக்கு ஒரு வாக்குள்ள உழவர் பேரவையிடம் இருத்தல் வேண்டும். குண்டனி நாட்டு இளைஞர் முதலீட்டாளரைச் சந்திக்கும் முன் எழுதி முடிக்கவேண்டிய ஆவணம் இதுவே; முதலீடு வந்த பின் இவ்விதியைச் சேர்ப்பது அரிது.