பாறை என்னும் பெயரும் பவளம் என்னும் உயிரும்

மொழியியல் கற்ற ஒருவர் கடலடி உயிர்களைப் பற்றி உரையாற்ற முன்வருவது அவையோரில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் கடலியல் அறிஞர் அல்லோம். நீச்சலும் நன்கு அறியோம். எனினும் ஒரு சொல் நம்மை இத்துறைக்குள் இழுத்துச் சென்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்காட்சி ஒன்றுக்காக எழுதப்பெற்ற தமிழ் விளக்கப் பலகைகளைப் பார்வையிட்டுத் தருமாறு நம்மைக் கேட்டிருந்தனர். அவற்றுள் ஒன்றில், கடல்நீர் சூடேறியதால் 'பவளப்பாறைகள் வெளுக்கப்பட்டு அழிந்துவிட்டன' என்றிருந்தது. ஆங்கில மூலமோ அவை நிறமிழந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை பின்னர்த் தேறின என்றும் கூறியது. பிழைத்திருந்த உயிர்களைத் தமிழ் வாக்கியம் கொன்றுவிட்டது. மொழிபெயர்த்தவர் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பாறை வெளுத்தது என்று எழுதியபின் அது மீண்டும் தேறியது என்று எழுத எவர்க்கும் கை வராது. பாறை தேறுவதில்லை. ஆகவே பிழையின் வேர் அவரிடத்தில் மட்டும் இல்லை. நம் கலைச்சொல்லிலும் இருக்கிறது.

பவளம் என்பது யாது? அது ஒரு விலங்கு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் உடலோடு உடல் ஒட்டி வாழும் ஒரு குடியிருப்பு. ஒவ்வொரு சிற்றுயிரையும் அறிவியலார் பாலிப் என்பர். பெரும்பாலான இனங்களில் அது சில மில்லிமீட்டர் அளவினது. சிறு பை போன்ற உடல், மேலே ஒரே ஒரு வாய், அவ்வாயைச் சுற்றி உணர்கொம்புகள். இவ்வுணர்கொம்புகளில் கொட்டும் செல்கள் உள்ளன. இரவில் அவற்றை விரித்து நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். கடற்சாமந்தியும் இழுதுமீனும் இதற்கு உறவினர். 'பவளப்பூச்சி' என்று பழைய பாடநூல்களில் எழுதுவார்கள். பூச்சியினத்துக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. கடற்சாமந்தி என்னும் பெயரும் ஒரு விலங்கைப் பூவாக்கிவிட்ட பெயரே. கடலுயிர்களுக்குப் பெயர் வைக்கும்போது நாம் கரையில் நின்றுகொண்டே வைத்திருக்கிறோம் என்பதற்கு இவை சான்றுகள்.

பாலிப் தன் அடிப்பகுதியில் சுண்ணாம்பைச் சுரந்து தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. பழைய கிண்ணத்தின்மேல் புதிய தளம் எழுப்பிச் சற்று உயர்கிறது. பக்கத்தில் மொட்டுவிட்டுப் பெருகுகிறது. உருண்டைத் திரளாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயரும். கிளைவிட்டு வளரும் இனங்கள் அதைவிடப் பலமடங்கு விரைவானவை. நாம் கல் என்று காண்பது இவ்வாறு எழுந்த எலும்புக்கூடு. உயிருள்ள தசை அதன் மேற்பரப்பில் மெல்லிய தோலாக மட்டுமே படர்ந்திருக்கிறது.

அத்தோலுக்குள் இன்னோர் உயிரும் குடியிருக்கிறது. பாலிப்பின் செல்களுக்குள்ளேயே வாழும் நுண்பாசிகள் கதிரொளி கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைத் தம்மைத் தாங்கும் விலங்குக்கு அளிக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வழியிலேயே கிடைக்கக்கூடும். பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இப்பாசிகள் தரும் நிறம். ஆகவே பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் புக நீர் தெளிந்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'பவளம்' வடமொழிப் பிரவாளத்தோடு தொடர்புடைய சொல். சங்க இலக்கியம் துகிர் என்றும் கூறும். இரண்டும் அணிகலனாகும் செம்மணியையே குறித்தன. அம்மணியோ நம் கடலில் விளைந்ததன்று. மத்தியதரைக் கடலின் செம்பவளம் மேற்றிசை வணிகத்தின்வழி வந்து சேர்ந்தது. சேரநாட்டுத் துறைமுகங்களில் இறங்கிய பொருள்களுள் ஒன்றாகப் பவளத்தைப் பெரிப்ளுசு என்னும் கிரேக்க நூல் குறிக்கிறது. அச்செம்பவளத்தின் பாலிப்புக்கு உணர்கொம்புகள் எட்டு. அதனுள் பாசி இல்லை. மங்கிய வெளிச்சத்தில் வாழும். திட்டு எதையும் கட்டுவதில்லை. நம் கடல்களில் திட்டுக் கட்டும் கற்பவளத்தின் உணர்கொம்புகளோ ஆறு அல்லது ஆறின் மடங்கு. இரண்டும் தூரத்து உறவினர். மணியின் பெயரை இதற்கு ஏற்றி, அதனோடு 'பாறை' என்பதையும் ஒட்டியதால், விலைமதிப்புள்ள ஒரு கல் கடலில் கிடக்கிறது என்னும் மயக்கம் உண்டாகிவிட்டது.

இலங்கைத் தமிழில் 'முருகைக்கல்' என்பர். அதுவும் கல்லே. அங்கும் மன்னார் வளைகுடாக் கரையிலும் அதை அகழ்ந்து சுண்ணாம்பு சுட்டனர். கீழக்கரைப் பக்கத்தில் அதைக் கொண்டு வீடும் பள்ளிவாசலும் எழுப்பினர். உலர்ந்தபின் கைக்கு வந்த பொருளுக்கு இட்ட பெயர் அது; பயன்படுத்தியவர் நோக்கில் தவறில்லை. கடலுக்குள் இறங்கியவர்கள் வேறு சொல் வைத்திருந்தனர். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் முத்துச்சிப்பி விளையும் கடினமான கடற்படுகையைப் 'பார்' என்றனர். ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் இருந்தது. பார் என்பது அவர்களுக்கு ஓர் இடம். உயிர் விளையும் நிலம்.

நம் அண்டை மொழியான மலாயைக் காண்க. பவளத்தைக் 'காராங்' என்றும், அது கட்டிய திட்டைத் 'தெரும்பு' என்றும், மணல்மேட்டைப் 'பெத்திங்' என்றும் அது பிரித்துப் பேசுகிறது. சிங்கப்பூரின் தென்கடல் வரைபடத்தைப் பார்த்தால் தெரும்பு பெம்பாங் லாவுட், தெரும்பு ராயா, பெத்திங் பெம்பான் பெசார் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். வற்றுநீரில் வெளிப்பட்டுப் பெருக்கில் மறையும் திட்டுக்கும் பெயர் உண்டு என்றால், அங்கே பலர் படகு செலுத்தினர், மீன் பிடித்தனர் என்று பொருள். (மலாயில் கட்டுரை எழுதுவதையும் 'காராங்' என்னும் ஒலியுடைய சொல்லாலேயே குறிப்பர். அதற்கும் பவளத்துக்கும் சொல்வழித் தொடர்பு காட்ட நாம் துணியவில்லை. ஆனால் சிறிது சிறிதாகக் கட்டும் தொழில் இரண்டிலும் உண்டு என்று எண்ணி மகிழ்ந்ததுண்டு.)

அப்பெயர்களுள் பல இன்று நிலத்தடியில் உள்ளன. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் நிலத்தில் நாம் வீடு கட்டினோம், துறைமுகம் அமைத்தோம், விமானம் இறக்கினோம். அதன் பயனை நுகர்ந்துகொண்டே அதைப் பழிப்பது நேர்மையாகாது. ஆயினும் விலை யாது என்று அறிந்திருத்தல் வேண்டும்: அக்காலம் முதல் நம் பவளத்திட்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மறைந்தது. மூடப்பட்டவை போக, எஞ்சியவற்றின்மேல் கலங்கிய நீர் நின்றது. முன்பு பத்து மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்த கடல், இன்று பல இடங்களில் இரண்டு மீட்டருக்கு அப்பால் தெரிவதில்லை. வெளிச்சம் இறங்காத ஆழத்தில் பவளம் வாழ இயலாது.

இதை எவ்வாறு அறிந்தனர் என்பதே நம்மை மிகவும் ஈர்த்த பகுதி. முறை மிக எளியது. முக்குளித்து இறங்கி, திட்டின் விளிம்பையொட்டி ஓர் அளவு நாடாவை விரிப்பர். நாடாவின் அடியில் எத்தனை சென்டிமீட்டருக்கு எந்தப் பவளம், எங்கே மணல், எங்கே உடைந்த துண்டு என்று நீருக்கடியிலேயே எழுதிக்கொள்வர். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்று மீண்டும் எழுதுவர். வட்டார வழக்கு ஆராய்வோர் அதே ஊருக்கு இருபதாண்டு கழித்துச் சென்று அதே சொற்பட்டியலைக் கேட்பதுபோன்றது இது. முதற்பதிவு இல்லையேல் இரண்டாம் பதிவுக்குப் பொருளே இல்லை. பேராசிரியர் சௌ லோக் மிங் போன்றோர் 1980களில் தொடங்கிய அப்பதிவுகள் இருந்தமையால்தான், 27 ஆண்டுக்கால மாற்றத்தை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவர முடிந்தது.

அக்கட்டுரையின் முடிபு எவரும் எதிர்பார்க்கும் வகையில் அமையவில்லை. முதற்பத்தாண்டில் இரு ஆழங்களிலும் பவளம் குறைந்தது. பின்னர், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் இருந்தவை ஏறத்தாழ ஒரு பத்தாண்டுக்குள் பழைய நிலையை நோக்கி மீண்டன. ஆறு ஏழு மீட்டர் ஆழத்தில் இருந்தவை மீளவில்லை. அங்கே வண்டலும் உடைசலும் இடம்பிடித்துக்கொண்டன. ஒரே திட்டு, இடையே மூன்று மீட்டர்; மேலே பிழைப்பு, கீழே இழப்பு. மேலே பிழைத்தவை பெரும்பாலும் இடர் தாங்கிப் பழகிய இனங்கள். கலங்கல் நீரே கடும் வெயிலை மட்டுப்படுத்தி வெப்பக் காலங்களில் அவற்றுக்குச் சிறிது துணைநின்றிருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். கேடு செய்ததே காப்பாகவும் ஆனது என்பதைக் கேட்டபோது நாம் மறுமுறை படித்துப் பார்த்தோம், அவ்வாறே எழுதியிருந்தனர்.

வெப்பம் என்றதும் விளக்கப் பலகைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை மட்டும் உயர்ந்து சில வாரம் நீடித்தால், பவளத்துக்கும் பாசிக்கும் இடையிலான உறவு குலைகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், ஊடுருவித் தெரியும் தசையின்வழி வெள்ளெலும்பு புலப்படுகிறது. அந்நிலையில் அது பட்டினி கிடக்கிறது, இறந்துவிடவில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். 1998இல் சிங்கப்பூர்ப் பவளங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறமிழந்தன. மாண்டவை கால்பங்கு அளவே. 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இது நிகழ்ந்தது. நிறமிழந்ததையும் மாண்டதையும் வெவ்வேறாகக் கணக்கிடுவதே இவ்வாய்வின் உயிர்நாடி. இரண்டையும் கலந்துவிட்டால் தேறுதல் என்பதே பதிவில் இல்லாமற் போய்விடும்.

இதற்கு 'வெளுத்தல்' என்னும் சொல்லைப் பலர் ஆள்கின்றனர். அது சலவைத்துறையின் சொல். அழுக்கு நீங்கியது போன்ற ஒலிப்பும் அதில் உண்டு. நாம் 'வெளிறல்' என்பதை முன்மொழிகிறோம். காய்ச்சலில் கிடந்தவர் முகம் வெளிறுகிறது, பின்பு தெளிகிறது. உயிருள்ள உடலுக்கு மட்டுமே உரிய வினை அது. 'பாறை' என்பதையோ பொதுவழக்கிலிருந்து விலக்க இயலாது. விலக்க வேண்டும் என்று நாம் வாதிடவும் இல்லை. கட்டமைப்பைச் சுட்டப் 'பவளத்திட்டு' என்றும், உயிரைச் சுட்ட வெறுமனே 'பவளம்' என்றும் பாடநூல் எழுதுவோர் பிரித்து ஆண்டாலே மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

திட்டைவிட்டு வெளியே, சேறும் மணலுமாகக் கிடக்கும் படுகையை நாம் வெற்றிடமாகவே எண்ணி வந்தோம். 2001இல் புலாவ் உபினின் செக் ஜாவா கரையை மண்ணிட்டு மூடும் திட்டம் இருந்தது; வற்றுநீரில் இறங்கி அங்குள்ள உயிர்களைக் கண்டோர் எடுத்துரைத்தபின் அவ்வாண்டின் இறுதியில் அது தள்ளிவைக்கப்பட்டது. 2010 முதல் 2015 வரை தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் இணைந்து நம் கடலுயிர்களைத் தொகுத்துக் கணக்கெடுத்தன. சேற்றை வாரி, சல்லடையில் சலித்து, கிடைத்ததைப் பிரித்துப் பெயரிடும் பணி அது. அக்காலத்தில் அடையாளம் காணப்பெற்ற கடற்சாமந்தி ஒன்றுக்கு 2014இல் இட்ட அறிவியற்பெயர் சின்பீச்சியா தெமாசெக். இத்தீவின் பழம்பெயரைச் சேற்றில் புதைந்து வாழும் ஓர் உயிர் தாங்கி நிற்கிறது.

நெப்டியூன் கிண்ணம் என்னும் கடற்பஞ்சின் வரலாறும் கூறத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர்க் கடலிலிருந்தே அது உலகுக்கு அறிமுகமானது. ஒரு மீட்டருக்கும் மேல் உயரும் அக்கிண்ணங்களை அருங்காட்சியகங்களுக்காக வாரிச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப்பின் இங்கே எவரும் காணவில்லை. அற்றுப்போனது என்றே எழுதிவைத்தனர். 2011இல் செயிண்ட் ஜான்ஸ் தீவின் அருகே உயிரோடு தென்பட்டது.

எஞ்சிய திட்டுகளில் இன்னும் ஏறத்தாழ 250 வகைக் கற்பவளங்கள் வாழ்கின்றன. உலகில் உள்ளவற்றில் இது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சூழ்ந்து முதற் கடற்பூங்கா அமைந்தது. 2024இன் இறுதியில் ஓர் இலட்சம் பவளங்களை நடும் முயற்சி தொடங்கியது. உடைந்த துண்டுகளைத் தாங்கிகளில் வளர்த்து, தேறியபின் திட்டுக்கு மாற்றுகின்றனர். விலங்கை 'நடுகிறோம்' என்று சொல்வது மொழியியலார் காதுக்குச் சற்று உறுத்தலாக இருந்தாலும், வேறு சொல் நமக்குத் தோன்றவில்லை.

நடாமலும் அவை பெருகுகின்றன. மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வரும் முழுநிலவுக்குப்பின், மூன்றாம் இரவு முதல் ஐந்தாம் இரவு வரை, தென்தீவுகளின் பவளங்கள் பல இனங்களாக ஒரே நேரத்தில் சினையை நீரில் விடுகின்றன. 2002 முதல் ஆய்வாளர்கள் இருளில் முக்குளித்து இதைப் பதிந்து வருகின்றனர். பல ஆண்டுகளில் அது நாம் பங்குனி உத்திரம் கொண்டாடும் முழுநிலவாகவே அமையும். காவடி இறக்கி மூன்று நாள் கழித்து, கரையிலிருந்து படகில் அரைமணி நேரத் தொலைவில், இளஞ்சிவப்புச் சினைமணிகள் நீர்மட்டத்தை நோக்கி எழுகின்றன.