சோதனையில் தேறிய சமன்பாடு மாணவரைக் கணிக்குமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மதிப்பெண் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., பெரும்பாலும் 4 புள்ளி அளவில் கணக்கிடப்படுகிறது. புதிதாகச் சேரும் மாணவரின் முதலாண்டுச் சராசரியை அவருடைய பள்ளிச் சராசரி, எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் இரண்டையும் கொண்டு முன்கூட்டிச் சொல்ல உதவும் முறை மல்டிபிள் ரெக்ரஷன். தமிழில் பன்மாறித் தொடர்புப் போக்கு. இரண்டு எண்களையும் அதற்கதற்கு உரிய கெழுவால் பெருக்கி, ஒரு மாறிலியைக் கூட்டினால் கணிப்பு தயார். அந்தக் கணிப்பு தேறுமா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை.

உதாரணத்துக்கு, 100 மாணவர்களின் விவரத்தில் ஆர்-ஸ்கொயர் 0.25 வந்ததாகக் கொள்ளலாம். மாணவர்களின் ஜி.பி.ஏ. ஆளுக்கு ஆள் மாறுபடுவதில் கால் பங்கைச் சமன்பாடு விளக்குகிறது என்று பொருள். அடுத்தது, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரைக் கௌரவிக்கும் விதமாக ஸ்னெடெகர் பெயரிட்ட எஃப் சோதனை. விளக்கிய 0.25-ஐ மாறிகளின் எண்ணிக்கையான 2 ஆல் வகுத்தால் 0.125. விளக்காத 0.75-ஐ 97 ஆல் வகுத்தால் சுமார் 0.0077. முன்னதைப் பின்னதால் வகுக்க ஏறத்தாழ 16.2. 5 சதவீத மட்டத்தில் 3.09-ஐத் தாண்டினாலே போதும். சமன்பாடு அமோகமாகத் தேறிவிட்டது.

ஆனால் எஃப் சோதனை கேட்பது மிக எளிய கேள்வி: எல்லாக் கெழுக்களும் பூச்சியம்தானா? இல்லை என்றால், எல்லோருக்கும் ஒரே சராசரியைச் சொல்வதைவிட இது மேல் என்று ஆகிறது; அவ்வளவுதான். ஜி.பி.ஏ.யின் திட்ட விலக்கம் 0.6 என்றால், கணிப்பின் திட்டப் பிழை 0.52 அளவில் இருக்கும். 3.0 எனக் கணிக்கப்பட்ட மாணவருக்கு 95 சதவீத எல்லை ஏறக்குறைய 1.96 முதல் 4.04 வரை. 4.04 யாராலும் எடுக்க முடியாத மதிப்பெண், 2.0-க்குக் கீழே போனால் பல கல்லூரிகள் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். முதல் மாணவருக்கும் தத்தளிப்பவருக்கும் ஒரே கணிப்பு!

கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசங்களை, அதாவது எச்சங்களை, வரைபடமாக்கினால் இன்னொன்று தெரியும். 4.0 என்ற கூரை இருப்பதால், கணிப்பு உயர உயர புள்ளிகளின் மேல் விளிம்பு சீவியதுபோல் சரியும். பிழையின் பரவல் எங்கும் ஒன்றே என்ற அனுமானம் அங்கே ஆட்டம் காணும்.

பள்ளிச் சராசரியும் எஸ்.ஏ.டி.யும் ஒன்றோடொன்று இணைந்து ஏறி இறங்குபவை. அதனால் ஏதாவது ஒன்றின் கெழுவைத் தனியாகச் சோதிக்கும் டி மதிப்பு சிறுத்துப்போகலாம். அது உதவாத மாறி என்று உடனே தூக்கி எறிவது அவசரம்.

இவற்றையெல்லாம்விட நேர்மையான சோதனை, ஓராண்டு மாணவர்களை வைத்து உருவாக்கிய சமன்பாட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் பயன்படுத்திப் பார்ப்பது. பொருத்தம் பொதுவாகச் சற்றுக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதே கவனிக்க வேண்டியது. அப்போதும் ஒரு குறை தீராது. கணக்கில் வருவோர் இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள் மட்டுமே. குறைந்த மதிப்பெண்ணால் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தக் கல்லூரியில் ஜி.பி.ஏ.யே கிடையாது. வீச்சு இப்படிக் குறுகுவதால், ஆர்-ஸ்கொயரும் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியக்கூடும்.