கற்பனைப் பாத்திரத்துக்குத் தொழில் வகுத்தல்

விளையாட்டு என்றதும் நம் கல்லூரிப் பழைய மாணவர் மனத்திலே தோன்றுவன துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் மைதானத்துப் புழுதியுமேயாம். யான் இங்கு எழுத எடுத்துக்கொண்ட விளையாட்டுக்கோ மைதானம் வேண்டா. ஒரு மேசையும், நாலைந்து பேரும், சில பகடைகளும், கடதாசியும் பென்சிலும் போதும். ஒருவர் கதையை நடத்துவார். அவரைக் கதைத்தலைவர் என்போம். ஏனையோர் அக்கதையினுள் உலாவும் ஒவ்வொரு பாத்திரமாக நின்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் அரசனிடம் பொய் சொல்கிறேன்’ என்று தத்தம் செயலைக் கூறுவர். செயல் கைகூடுமோ என்னும் ஐயம் எழும்போது பகடை தீர்ப்புச் சொல்லும். இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியாயது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய இது, 1974ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகளே.

பாத்திரம் இன்ன வகையினது என்பதைக் குறிக்க ஆங்கிலத்திலே ‘கிளாஸ்’ என்பர். அதனை ‘வகுப்பு’ என்று பெயர்த்தால் ஆசிரியனாகிய எனக்கு ஒன்பதாம் வகுப்பின் பின்வாங்கே கண்முன் வருகின்றது. ஆதலின் தொழில் என்றே வழங்குவேன். 1974இல் இருந்த தொழில்கள் மூன்று: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. மறு ஆண்டிலே கள்வன் வந்து சேர்ந்தான். 2014இல் வெளிவந்த நூலில் தொழில்கள் 12. அவற்றுள் நம் இலக்கியம் படித்தோர்க்கு உவப்பான பாணனும் ஒருவன். யான் சொல்லும் கணக்குகள் இந்த 2014ஆம் ஆண்டு விதிகளைத் தழுவியவை. பாத்திரத்தின் இனத்தாற் கூடும் எண்களை எளிமை கருதி விட்டுவிடுகின்றேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு இயல்புகள் உண்டு. அவை உடல்வலிமை, இலாகவம், உடலுறுதி, அறிவுக்கூர்மை, விவேகம், வசீகரம் என்பன. ஆதியில் மூன்று பகடைகளை ஒருங்கே உருட்டி, வந்த கூட்டுத்தொகையை வரிசைப்படி எழுதிக்கொள்ள வேண்டும். 3 முதல் 18 வரை வரலாம். 18 வருவது 216 முறைக்கு ஒரு முறையே. வந்த எண்ணைப் பார்த்தே தொழிலைத் தெரிந்தனர். இப்பொழுதோ 15, 14, 13, 12, 10, 8 என்னும் ஆறு எண்களை விரும்பிய இயல்புக்கு விரும்பியவாறு பங்கிடவும் விதியிலே இடமுண்டு. இவற்றுள் 15உம் 14உம் பகடையுடன் 2 கூட்டித் தரும். 13உம் 12உம் ஒன்று கூட்டும். 10 ஒன்றும் செய்யாது. 8 ஒன்றைக் கழிக்கும்.

புதிதாய் வருபவன் பெரும்பாலும் மந்திரவாதியையே நாடுகின்றான். பெயரிலே ஒரு மிடுக்கு இருக்கின்றதன்றோ! ஆயின் முதற்படியில் நிற்கும் மந்திரவாதி, ஓய்வு கொள்ளுமுன் முதல்தர மந்திரங்களை இருமுறையே ஓதமுடியும். அவனுக்கு உடலுறுதி 8 ஆயின் உயிர்ப்புள்ளி ஐந்தே. நன்கு எய்த அம்பு ஒன்றே அவன் கதையை முடிக்கப் போதுமானது. என் மருமகனும் அவன் நண்பர்களும் முதன்முறை ஆடியபோது நால்வருள் மூவர் மந்திரவாதிகளாயினர். முதற்குகையிலேயே அனைவரும் மாண்டனர். ஆதலின், ‘யான் எவனாகலாம்?’ என்று கேட்குமுன், ‘இக்குழுவில் எவன் இல்லை?’ என்று கேட்டல் நன்று. அதற்காக, காயத்துக்கு மருந்திடுதலை வெறுப்பவனைச் சமயகுருவாக்கி வருத்துவதும் தகாது. விருப்பமில்லாத பாத்திரத்தை இரண்டு மாலைக்கு மேல் எவனாலும் தாங்கமுடியாது.

அடுத்து வருவன திறன்கள். மொத்தம் 18. அவை இயல்புகளுக்குச் சமமாகப் பங்கிடப்படவில்லை. அறிவுக்கூர்மைக்கும் விவேகத்துக்கும் ஐந்தைந்து; வசீகரத்துக்கு நான்கு; இலாகவத்துக்கு மூன்று; உடல்வலிமைக்கோ நீந்தல், ஏறல், தாவல் எல்லாம் அடங்கிய உடற்பயிற்சி ஒன்றே; உடலுறுதிக்கு ஒன்றுமில்லை. போர்வீரன் தன் தொழிலுக்குரிய பட்டியலிலிருந்து இரண்டு திறன்களையும் கள்வன் நான்கையும் தெரியலாம். தெரிந்த திறனுக்குத் தொடக்கப் படிகளிலே 2 கூடும். காவலாளி கண்ணிற் படாமற் செல்ல 15 வேண்டுமென்று கதைத்தலைவர் வைத்தால், இலாகவம் 15 உள்ளவன் பயிற்சியும் பெற்றிருப்பின் இருபது முகப் பகடையில் 11 போதும், பயிற்சியில்லையேல் 13, இலாகவம் 8 உடையவன் பயிற்சியின்றிச் சென்றால் 16 விழவேண்டும். கூர்ந்து கவனித்தல் என்னும் திறன் ஒன்றே எத்தனை பேரிடம் இருந்தாலும் மிகையாகாது. மற்றவற்றைப் பேசிப் பங்கிட்டுக் கொள்க.

இவ்வளவும் எவரும் சொல்லுவர். சொல்லாது விடுவது அந்த எட்டைப் பற்றி. சென்ற மார்கழி விடுமுறையிலே என்னையும் ஆட்டத்துக்கு அழைத்தனர். குழுவிற் கள்வன் இல்லையாதலால் அத்தொழில் தமிழாசிரியனுக்கு விதிக்கப்பட்டது! யான் 15ஐ இலாகவத்தில் வைத்துப் பெருமிதத்துடன் மற்றவற்றை எழுதிக்கொண்டிருக்க, “மாமா, எட்டை எங்க போடப் போறியள்?” என்று மருமகன் வினவினான். கள்வனுக்கு வலிமை எதற்கென்று எண்ணி, மிஞ்சிய எட்டை உடல்வலிமையிற் போட்டேன். ஒளிந்து செல்லல், கைந்நயம், ஏமாற்றல், இணங்கச் செய்தல் என நான்கு திறன்களையும் எண் உயர்ந்த இடங்களிலேயே குவித்தேன். மாணவனை எப்பிரிவிற் சேர்ப்பது என்று பெற்றார் வந்து கேட்கும்போதும் யான் உயர்ந்த புள்ளியின்கீழ் விரலை வைத்தே விடை சொல்லிப் பழகியவன்.

கள்வன் மூன்று மாதம் வாழ்ந்து மூன்றாம் படியை எட்டினான். ஒருநாள் மாலை குழு வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்க நேர்ந்தது. கயிறு அறுந்தது, கீழே அருவி. கரையைப் பற்ற 10 வேண்டும் என்றான் கதைத்தலைவனாகிய மருமகன். பகடையில் விழுந்ததும் பத்தே. எட்டின் பயனாக ஒன்று கழிந்து ஒன்பதாயிற்று. உடற்பயிற்சி கள்வன் தெரியக்கூடிய பட்டியலிலே உள்ள திறன்தான். ஏமாற்றலை விட்டு அதனை எடுத்திருந்தால் பதினொன்றாகியிருக்கும். யான் வாய்திறவாது இருந்தேன். மருமகன் பகடையை மூடிமறைத்துப் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது பற்றி அவன்மீது எனக்கு மதிப்பே மிகுந்தது.

இப்பொழுது புதியவொரு பாணனை அமைத்திருக்கின்றேன். இம்முறை முதலில் எழுதியது எட்டைத்தான். அதனை அறிவுக்கூர்மைக்கு வைத்தபோது சிறுவர் நகைத்தனர். பாணனுக்கு எத்திறனையும் தெரிய உரிமையுண்டு. ஆதலின் வரலாற்றைப் பயின்றவனாக அவனை ஆக்கினேன். கழிந்தது போக ஒன்று கூடும். வலிமை 10, உடற்பயிற்சியும் எடுத்தாயிற்று. அந்த ஆறு இன்னும் கடக்கப்படவில்லை. சித்திரை விடுமுறைக்கு ஆட்டத்தைத் தள்ளிவைத்திருக்கின்றோம்.