முத்துக் கரையில் ஒரு பகல்

ஜி. யு. போப் 1840களில் கல்விச்சாலை நிறுவித் தொண்டாற்றிய சாயர்புரத்திலிருந்து மாணவர் குழாம் ஒன்று விடியற்காலையில் புறப்படுமாயின், ஒரே பகற்பொழுதில் ஈராயிரம் ஆண்டுச் சரித்திரத்தையும் ஜீவனுள்ள ஒரு கைத்தொழிலையும் கண்டு திரும்பலாம்.

பாண்டியரின் முத்துத்துறையாய்ப் புகழ்பெற்று, தாமிரபரணியின் வண்டல் படியப் படியக் கடல் விலகிச் சென்றதால் இன்று உள்நாட்டுச் சிற்றூராய் அமைதியுற்றிருக்கும் கொற்கை, காலத்தின் மகத்துவத்தை மௌனமாகவே போதிக்கும்.

தூத்துக்குடியிலோ, பனிமய மாதா ஆலயத்தைத் தரிசித்தபின், இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்கிய முத்துக்குளிப்போரின் சாகசத்தை அவர்கள் கேட்டறியலாம். ஜப்பானியக் கடற்கரையில் மிகிமோட்டோ 1893-இல் சிப்பிக்குள் முத்தை விளைவித்த வித்தை, 1973-இல் அருகிலுள்ள வேப்பலோடையில் நம் விஞ்ஞானிகளின் கரங்களிலும் சித்தித்தது என்பதை உணர்ந்து பெருமிதமும் கொள்ளலாம்.

மாலையில் மணப்பாட்டை அடைந்து, பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, மெல்லிதாக வகிர்ந்து, சாயமேற்றிப் பெட்டி முடையும் பெண்களின் அருகே அமர்ந்து, தம் கையாலும் ஒரு சிறு பெட்டியை முடைந்து பார்க்கும் மாணவன், புத்தகம் புகட்டாத பொறுமையைத் தன் விரல்நுனியில் கற்றுக்கொள்வான். தன் மண்ணின் தொழிலை மதிக்கக் கற்பதன்றோ கல்வியின் பரம பிரயோஜனம்!