வரிசையில் நிற்பவரும் மேசையில் இருப்பவரும்

பிரதேச செயலகத்துக்கு ஓர் அலுவலாகப் போவதென்றால் அன்றைய கூலி இல்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். இவ்வளவும் செய்து காலை எட்டு மணியிலிருந்து நின்றவருக்குப் பன்னிரண்டு மணியளவில், "இது இங்கே இல்லை, விதானையாரிடம் போங்கோ" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கோ, காலையிலிருந்து அதே கேள்வியோடு வந்த அறுபதாவது ஆள் அவர். இருவருக்கும் பொறுமை போய்விடுகிறது, வார்த்தை தடிக்கிறது. இந்தச் சண்டையில் நட்டப்படுபவர் பெரும்பாலும் வரிசையில் நின்றவரே. படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். முடிவுத் திகதி கடந்துவிடுகிறது. குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய கொடுப்பனவும் கைநழுவுகிறது.

ஆகவே, இந்தப் பொறுமையின்மை ஏன் வருகிறது, அதை இரு பக்கத்தாரும் எவ்வாறு கையாளலாம் என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

பொறுமை ஏன் போகிறது?

கமக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமல்ல. சிறுபோகத்திலே குளத்துத் தண்ணீர் குறைவு. எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்பதைப் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்துவிட்டால், கடைசி வயல்காரரும் தம் முறை வரும்வரை காத்திருப்பார். முறை என்னவென்று தெரியாவிட்டால் மண்வெட்டியோடு இரவிலே வரம்பில் நிற்பார். தண்ணீரின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முறை தெரிந்திருப்பதே வித்தியாசம். அலுவலக வரிசையிலும் அப்படியே. மனிதர் நீண்ட நேரம் காத்திருப்பார்கள். எதற்காக, எதுவரை காத்திருக்கிறோம் என்று தெரியாதபோதுதான் கொதிக்கிறார்கள்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் ஆண்டுக்கணக்காக உலர் உணவுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவர்கள். பிந்தினால் கிடைக்காது என்ற பயம் அந்த வரிசைகளில் பிறந்தது, இன்றும் போகவில்லை. முண்டியடிக்கும் ஒரு முதியவரைக் காணும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் என்ன அதிகாரம் உண்டு?

கோபத்திற் பெரும்பகுதி பிழையான ஆளின் மேல் விழுகிறது. முன்னைய உதவி அரசாங்க அதிபர் கந்தோர்கள் 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் பிரதேச செயலகங்களாகி, கச்சேரியில் இருந்த பல அதிகாரங்களைப் பெற்றன. கிராம அலுவலர் உங்கள் வதிவையும் குடும்ப விபரத்தையும் உறுதிப்படுத்துவார். மேசையில் இருப்பவர் விண்ணப்பத்தை ஏற்பார், சரிபார்ப்பார், கோவையில் இடுவார். தீர்மானம் பல வேளைகளில் இவர்கள் இருவரிடமும் இல்லை.

அஸ்வெசும இதற்கு நல்ல உதாரணம். 2023 இல் தொடங்கிய இத்திட்டத்தில் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றைப் பற்றித் திரட்டிய விபரங்களுக்குப் புள்ளி இட்டே குடும்பங்கள் தெரிவுசெய்யப்படுகின்றன. மிக வறிய குடும்பத்துக்கு உயர்ந்தபட்சம் மாதம் 15,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025 ஜனவரியிலிருந்து 17,500 ரூபாவானது. 2023 இல் பெயர்ப் பட்டியல் வெளியானபோது பல பிரதேச செயலகங்களின் முன்னே பெருங்கூட்டம் கூடியது. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். மேசையிலிருந்த உத்தியோகத்தரை ஏசியதால் எவருடைய புள்ளியும் மாறியிருக்காது. மாற்றக்கூடிய வழி, திகதிக்குள் கொடுக்கும் மேன்முறையீடுதான்.

மேசையில் இருப்போருக்கு

எமது பிள்ளைகள் பலர் இன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் கிராம அலுவலர்களாகவும் கடமை புரிகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. காலையிலேயே வரிசைக்கு முன் வந்து அன்று என்ன அலுவல் நடக்கும், என்னென்ன பத்திரங்கள் வேண்டும், எத்தனை மணிவரை என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள். பத்திரம் குறைந்தவர் நான்கு மணித்தியாலம் நின்ற பின் அதை அறியக் கூடாது.

2. சத்தமிடுபவரை இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். இடையில் மறித்தால் முதலிலிருந்து தொடங்குவார். பின்னர் அவர் சொன்னதை அவருக்கே சுருக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். கேட்கப்பட்டேன் என்று அறிந்தவரின் குரல் தானாகத் தணியும்.

3. "ஐயா", "அம்மா" என்று அழைத்து ஒரு கதிரை கொடுங்கள். "நீர்", "உமக்கு" என்ற பேச்சு வயதானவரைச் சுடும்.

4. "பிறகு வாங்கோ" என்று அனுப்பாதீர்கள். எந்த நாள், யாரிடம், எதைக் கொண்டு என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

5. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். பொய் நம்பிக்கை இன்னும் மூன்று பஸ் பயணங்களாக அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.

வரிசையில் நிற்போருக்கு

பத்திரங்களை முதல் நாளே ஒழுங்குசெய்யுங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், முன்னர் கிடைத்த கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வேண்டும். மூலப் பத்திரத்தைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் கோவை சில வேளை பழைய பிரிவில் இருக்கும், ஆள் புதிய பிரிவில் இருப்பார். எனவே முந்திய முகவரியையும் கிராம அலுவலர் பிரிவையும் எழுதி வைத்திருங்கள்.

மேசைக்கு வந்ததும் முழுக் கதையையும் தொடங்காமல் அலுவலை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். புறப்படுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இனி இது யாரிடம் போகும்? என்ன குறைகிறது? எந்தத் திகதியில் விசாரிக்கலாம்? பதிலையும், உத்தியோகத்தரின் பதவியையும், கோவை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதுகிறவருக்குக் கொடுக்கும் பதில் பெரும்பாலும் கவனமான பதிலாக இருக்கும்.

கோபம் மிஞ்சினால் கூட வந்தவரை வரிசையில் விட்டுவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்து வாருங்கள். இதற்காகவே தனியே போகாமல் இருவராய்ப் போவது நல்லது. புத்தளம், அநுராதபுரம் போன்ற மாவட்டங்களில் வாழ்வோர் சிங்களத்தில் வந்த கடிதம் விளங்காமல் அலைவதுண்டு. 1987 இன் 13 ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழியாகும். தமிழில் பதில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பதிலே வராவிட்டால்

பேச்சால் பயன் இல்லாத இடத்தில் எழுத்து உண்டு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் உள்ளது?" என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். எந்த அலுவலை எந்தக் கந்தோரில் கேட்பது என்று அறிய 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத் தொலைபேசி இலக்கம் உதவும்.

ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும், மாதர் சங்கமும் இதில் ஒரு சிறிய வேலையைச் செய்யலாம். படித்த இளைஞர் இருவர் கிழமையில் ஒரு மாலை பொதுநோக்கு மண்டபத்தில் அமர்ந்து, மறுநாள் செயலகம் போகிறவர்களின் படிவங்களை வாசித்து, குறைந்த பத்திரத்தைக் கண்டு சொல்லட்டும். திரும்பி வந்தவர்களிடம் என்ன பதில் கிடைத்தது என்று கேட்டுக் குறித்து வைக்கட்டும். பத்துப் பேருடைய பதில் ஒன்றாகச் சேர்ந்தால், எந்த இடத்தில் அலுவல் தடைப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவர் பிரதேச செயலாளரைச் சந்தித்துப் பேசலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பாருங்கள்.